ஆர்ஸ் பங்குச் சுவாமியாரும் அவருடைய சனிக்கிழமை இரவுகளும்

ஓகஸ்ட் மாதம் 4ஆந் திகதி யாருடைய திருநாள் என்று கேட்டால் நம் வீடுகளிலுள்ள சிறுவர்களே விடை சொல்லிவிடுவார்கள். பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜோன் மரிய வியானியாரின் திருநாள் அது. அவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டவை பெரும்பாலும் மூன்று விடயங்களாக இருக்கும். நாளெல்லாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்தார். அவித்த உருளைக்கிழங்கை உண்டு காலங்கழித்தார். இரவில் பசாசு அவரை நித்திரை கொள்ளவிடாமல் தொல்லைப்படுத்தியது. இவையெல்லாம் அவருடைய வரலாற்றில் உள்ளவைதான். ஆனால் இவற்றை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மனிதர் எட்டாத தூரத்தில் நிற்பவராகவே தோன்றுவார். இவ்வாரம் அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தைப் பார்ப்போம். பேசத் தெரியாதவர், ஞாபகசக்தி குறைந்தவர், ஞாயிறுதோறும் மக்கள் முன் நின்று பேசியே தீரவேண்டிய நிலைக்கு ஆளானார். அதற்காக அவர் பட்ட பாடு சிறிதல்ல.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அண்மையில் தார்டில்லி என்றொரு கிராமம் உண்டு. அங்கே 1786ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி ஒரு கமக்காரக் குடும்பத்தில் வியானி பிறந்தார். அவருக்கு மூன்று வயதாகும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. சில ஆண்டுகளில் கோவில்கள் பூட்டப்பட்டன. அரசு கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்த குருக்கள் மாறுவேடத்தில் வீடு வீடாக ஒளிந்து திரிந்தார்கள். வியானியின் முதல்நன்மை 1799இல் எக்குல்லி என்ற அயலூரிலே ஒரு வீட்டில் நடந்தது. உள்ளே எரியும் மெழுகுதிரி வெளியே தெரியாதிருக்கும்படி சன்னல்களுக்கு முன்னால் வைக்கோல் வண்டில்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பிள்ளை கோவிலில் அமர்ந்து பிரசங்கம் கேட்டுப் பழகவேண்டிய வயதில், இந்தப் பிள்ளைக்குக் கோவிலே இல்லாமற்போனது. பள்ளிக்கூடமும் ஒழுங்காக இல்லை. ஆடு மாடு மேய்த்தார்; தகப்பனாரின் வயலில் மண்வெட்டி பிடித்தார்.

குருவாகவேண்டும் என்ற ஆசையோடு எக்குல்லிப் பங்குக் குரு பலே சுவாமியாரிடம் பாடம் படிக்கப் போனபோது அவருக்கு வயது இருபது ஆகியிருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் சிறுவர்கள். இலத்தீன் இலக்கணம் அவர் தலையில் ஏறவில்லை. இன்று படித்தது நாளைக்கு மறந்துவிடும். சக மாணவரில் லொராஸ் என்ற கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் இவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். பொறுமை இழந்து எல்லார் முன்னிலையிலும் இவரை அடித்துவிட்டான். தன்னிலும் பல வயது இளைய அந்தப் பையனுக்கு முன்னால் முழந்தாளிட்டு வியானி மன்னிப்புக் கேட்டார். லொராஸ் பிற்காலத்தில் அமெரிக்காவில் டுபியூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். இந்நிகழ்ச்சியை அவர் சாகுமட்டும் மறக்கவில்லை. அறிவு தெளிய வேண்டுமென்று வியானி லாலூவே என்ற மலையூரிலுள்ள புனித பிரான்சிஸ் ரேஜிஸ் அவர்களின் கல்லறைக்குக் கால்நடையாக, வழியில் பிச்சை எடுத்துண்டு யாத்திரை போய்வந்தார். திரும்பி வந்தபின் இலத்தீன் ஒன்றும் இலகுவாகிவிடவில்லை. படிப்பைக் கைவிடும் எண்ணந்தான் ஒருவாறு நீங்கியது.

இடையில் நெப்போலியனின் படைக்கு அழைப்பு வந்ததும், அவர் நோயுற்றுப் பின்தங்கி மலைக்கிராமம் ஒன்றில் மறைந்து வாழ்ந்ததும் தனிக் கதை. அதை இன்னொரு முறை பார்க்கலாம். 1813இல் லியோன் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே விரிவுரையும் பரீட்சையும் இலத்தீனிலேயே நடந்தன. கேள்வியே விளங்காதவர் விடை எப்படிச் சொல்லுவார்? சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பலே சுவாமியார் விடவில்லை. பிரெஞ்சு மொழியிலேயே தேவசாஸ்திரத்தைச் சொல்லிக்கொடுத்து, பரீட்சகர்களோடு மன்றாடி, இரண்டாந்தரம் விசாரிக்கச் செய்தார். இவருடைய பக்தியைப் பார்த்தே மேலிடம் இணங்கியது. 1815ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆந் திகதி, தமது 29ஆவது வயதில், கிரனோபிள் நகரில் குருப்பட்டம் பெற்றார். பட்டத்துக்குக் கால்நடையாகத் தனியே போனார், தனியே திரும்பினார்.

எக்குல்லியில் பலே சுவாமியாருக்கு உதவியாக இருந்த காலத்திலேயே அவர் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார். அவருடைய சகோதரி மார்கரீத்து பிற்காலத்தில் சாட்சியம் சொன்னபோது, அந்நாட்களில் தமையனார் நன்றாகப் பிரசங்கிக்கவில்லை என்றே தமக்குப் பட்டதாகவும், ஆனாலும் அவருடைய முறை வந்தால் சனங்கள் கோவிலுக்கு ஓடிவந்ததாகவும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கூடப்பிறந்தவர்களின் மதிப்பீட்டில் முகத்துதி இராது அல்லவா? இந்தச் சாட்சியத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1817 டிசம்பரில் பலே சுவாமியார் இறந்தார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் வியானி ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 230 பேர். கோவில் சிறியது, தவறணைகள் நான்கு. ஊர் மக்கள் கெட்டவர்கள் என்று சொல்லமுடியாது. புரட்சிக் காலத்தில் ஞானோபதேசம் இல்லாமல் வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்குப் போனார்கள். மாலையில் ஆடல்பாடலுக்கும் தவறணைக்கும் போனார்கள். கோவிலுக்கு வந்த சிலரும் பிரசங்க நேரத்தில் தூங்கினார்கள்.

இந்த 230 ஆத்துமாக்களுக்கும் தாமே கடவுளுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று அந்த இளங்குரு உறுதியாக நம்பினார். பாடம் படிப்பிக்க வேறு ஆள் இல்லை. வீட்டில் இருந்து வாசிக்கப் பெரும்பாலானோருக்கு எழுத்து வாசனை இல்லை. அவர்களுக்கு வேதசத்தியம் போய்ச் சேரவேண்டுமானால் அது அவருடைய வாயால்தான் போய்ச்சேர வேண்டும். அந்த வாயோ தடுமாறும் வாய். அவருக்கு இருந்த பயம் பரிகாசத்துக்கு அஞ்சிய பயமாக மட்டும் இருக்கவில்லை. தம்முடைய தடுமாற்றத்தால் ஒருவன் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்ற பயம் அது.

இனி அவருடைய கிழமையைப் பாருங்கள். பூசை உடுப்புகள் வைக்கும் சிறு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார். உடுப்புப் பெட்டகத்தின் மேற்பலகைதான் அவருக்கு மேசை. பக்கத்தில் திரிதெந்து பொதுச்சங்கத்தின் ஞானோபதேசம், புனிதர்களின் சரித்திரம், றொட்றிக்கஸ் சுவாமியாரின் ஞானநூல், பழைய பிரசங்கிகளின் தொகுப்புகள் ஆகியவை கிடக்கும். அவற்றை வாசித்து, வேண்டிய பகுதிகளை எடுத்து, தம்முடைய ஊராருக்கு ஏற்றபடி வெட்டியும் ஒட்டியும் பெரிய தாள்களில் எழுதுவார். சொல் வராமல் முட்டுப்பட்டால் எழுந்துபோய்ப் பீடத்தின் முன் முழந்தாளிட்டு அழுவார். திரும்பி வந்து எழுதுவார். ஒரே மூச்சில் ஏழு மணித்தியாலம் எழுதிய நாட்களும் உண்டாம். இரவு வெகுநேரம் அந்த அறையில் வெளிச்சம் இருக்கும்.

எழுதி முடித்தால் வேலை முடிந்ததா? அங்கேதான் பெரிய பாடு தொடங்கியது. முப்பது நாற்பது பக்கம் வரும் அந்த எழுத்தை, முன்னிலை முடிவுரை என்ற பிரிவுகூட இல்லாமல் நீண்டு கிடக்கும் அந்த எழுத்தை, அவர் சொல்லுக்குச் சொல் மனனம் செய்யவேண்டும். இலத்தீன் சூத்திரம் ஒன்றை இரண்டு நாள் வைத்திருக்க முடியாத மூளை அது! சனிக்கிழமை இரவுகள் இதற்கே கழிந்தன. கோவிலை ஒட்டிய சேமக்காலையில் நின்று, மறுநாட் பிரசங்கத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். இரவில் அந்தப் பாதையால் போனவர்கள் கல்லறைகளுக்கிடையிலே சுவாமியாரின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். நித்திரை மேலிட்டால் அப்படியே நிலத்தில் இருந்து சற்றுக் கண்ணயர்வார். பிறகு மறுபடியும் தொடங்குவார்.

பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தப்படுத்திய தாய் தந்தையருக்கு இந்த வேதனை ஓரளவு விளங்கும். வீட்டிலே தண்ணீர் ஓடுவது போலச் சொன்ன பிள்ளை, மண்டபத்திலே இரண்டாம் பந்தியில் மலைத்து நிற்கும். ஆனால் பிள்ளைக்கு அது வருடத்தில் ஒரு நாள். வியானி சுவாமியாருக்கு அது ஒவ்வொரு ஞாயிறும். அதுவும் வெறும் வயிற்றோடு! அக்கால ஒழுங்கின்படி நள்ளிரவு தொடக்கம் உபவாசமாயிருந்து, காலையில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பெரிய பூசையின் நடுவே பிரசங்க பீடம் ஏறி, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் உரத்த குரலில் பேசுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துவிடும். எவ்வளவு தேடினாலும் அடுத்த வசனம் வராது. பலமுறை பிரசங்கத்தை முடிக்காமலே இறங்கி வந்திருக்கிறார்.

அன்று பகல் அந்த 230 பேரும் தங்கள் வீடுகளில் என்ன கதைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சிறிய ஊர். மறைக்க இடமில்லை. அடுத்த ஞாயிறும் அதே முகங்களுக்கு முன்னால் ஏறவேண்டும். அவர் செய்தது இவ்வளவுதான்: அடுத்த பிரசங்கம் சரிவரத் தமக்காகச் செபிக்கும்படி கேட்டுக்கொண்டார், திங்கட்கிழமை மறுபடியும் உடுப்புப் பெட்டகத்தின் முன் போய் நின்றார். எழுதுவதைக் குறைக்கவில்லை. கடதாசியைப் பார்த்து வாசித்துவிட்டு இறங்கியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஏன் என்று காரணம் சொல்லி அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. தூங்குகிறவர்களைப் பார்த்துப் பேசவேண்டுமானால் கண்ணைத் தாளில் வைத்திருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

அவருடைய குரலும் இனிமையான குரலல்ல. மெல்லியதாகவும் கீச்சென்றும் இருந்த அந்தக் குரலை உச்சத்துக்கு உயர்த்திக் கத்துவார். செபம் சொல்லும்போது அவ்வளவு மெதுவாகச் சொல்லுகிறவர் பிரசங்கத்தில் ஏன் இப்படிக் கத்தவேண்டும் என்று ஒருவர் கேட்டாராம். பிரசங்கம் கேட்பவர்கள் செவிடர்கள் அல்லது தூங்குபவர்கள், கடவுளோ செவிடரல்லர் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாக வரலாறு கூறுகிறது. நகைச்சுவை குறைந்தவர் என்று யாரும் எண்ணவேண்டாம்.

அக்காலத்தில் அவர் தம் கையாலே எழுதிய பிரசங்கங்களில் எண்பதுக்கு மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன. அவர் இறந்தபின் அவை அச்சேறின. நேர்மையாகச் சொன்னால், அவற்றை இன்று வாசிப்பவருக்குச் சற்றுக் களைப்பு உண்டாகும். நீண்டவை, கடுமையானவை. நடனத்தையும் குடியையும் ஞாயிறு வேலையையும் சாடும்போது நரகத்தின் வெப்பம் முகத்தில் அடிக்கும். பல பக்கங்களில் பிறர் நூல்களின் நடையும் அப்படியே தெரிகிறது. கடன் வாங்கிய சட்டை தோளில் சரியாகப் பொருந்தாதது போல அந்த நடை அவருக்குப் பொருந்தவில்லை. அவருடைய பேச்சுத்திறனை அந்தப் பிரசங்கங்களை மட்டும் வைத்து அளப்பவர் ஏமாந்துபோவார். இருந்தும் அவையில்லாமல் பின்னர் வந்தது வந்திராது.

ஆண்டுகள் சென்றன. தடுமாற்றங்கள் குறைந்தன. தவறணைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஞாயிறு வேலை நின்றது. இதற்கெல்லாம் பிரசங்கம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அவருடைய உபவாசத்தையும் ஏழைகளுக்கு அவர் கொடுத்ததையும் மக்கள் தங்கள் கண்ணாலே கண்டார்கள். 1827ஆம் ஆண்டளவில் வெளியூர்களிலிருந்து யாத்திரிகர்கள் வரத் தொடங்கினார்கள். பின்னர் நாளொன்றுக்கு 300, 400 பேர் என்று வந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்கே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகவேண்டியதாயிற்று. பிரசங்கம் எழுத நேரம் எங்கே? மனனம் செய்யச் சனிக்கிழமை இரவு எங்கே? பத்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அவர் தாங்கிப்பிடித்து நின்ற ஊன்றுகோல் அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டது.

விழுந்தாரா? இல்லை. எழுதாமலே பேசத் தொடங்கினார்.

1824இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்காக அவர் தொடங்கியிருந்த இல்லத்திலே தினந்தோறும் பகல் 11 மணிக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது அவர் வழக்கம். பிள்ளைகளோடு யாத்திரிகர்களும் வந்து சன்னலோரம் நின்று கேட்டார்கள். கூட்டம் பெருகவே அது கோவிலுக்கு மாற்றப்பட்டது. பெரிய பிரசங்க பீடம் அதற்குத் தேவைப்படவில்லை. சிறிய மரத்தட்டியடித்த ஓர் இருக்கையிலிருந்து, அயல்வீட்டாரோடு கதைப்பது போலப் பேசினார். இந்த ஞானோபதேசங்களை அவர் எழுதிவைக்கவில்லை, கேட்டவர்கள் குறித்துவைத்தார்கள். அவருடைய கடைசிக் காலத்தில் ஆர்ஸில் உதவிசெய்த மொனன் சுவாமியார் 1861இல் வெளியிட்ட சரித்திரத்தில் இவற்றைக் காணலாம். முன்சொன்ன பிரசங்கங்களையும் இவற்றையும் அருகருகே வைத்து வாசித்தால் வேறு வேறு மனிதர் பேசுவதுபோலத் தோன்றும். இங்கே வசனங்கள் குறுகியவை. மீன், பறவை, தேனீ, உருகும் மெழுகு, அடுப்புத் தீ என்று கமக்காரர் கண்ட பொருட்களெல்லாம் உவமையாக வருகின்றன. நரகத்தின் பேச்சுக் குறைந்து கடவுளுடைய அன்பின் பேச்சு மேலோங்குகிறது. அந்த மாடு மேய்த்த சிறுவன் இப்போதுதான் தன் சொந்தக் குரலில் பேசுகிறான். ஆனால் சொல்லும் விடயங்களைக் கவனித்தால், பெட்டகத்தின் மேல் எழுதி எழுதி, சேமக்காலையில் சொல்லிச் சொல்லி உள்ளே இறங்கிய அதே பொருள்தான். எழுத்து உதிர்ந்துபோயிற்று, பொருள் தங்கிவிட்டது.

இக்காலத்திலும் தமக்குப் பேச வரும் என்று அவர் ஒருநாளும் நம்பவில்லை. முன்னொரு முறை இவருடைய கல்வியறிவின்மையைப் பற்றி அயற்பங்குக் குருக்கள் சிலர் ஆயருக்கு முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டபோது, அது தவறுதலாகத் தம் கைக்கு வந்ததும், உண்மைதானே என்று தாமும் கையொப்பமிட்டு அனுப்பியவர் அவர். பெல்லே மறைமாவட்டத்தின் ஆயர் தெவி ஆண்டகை இவரை நன்கு அறிந்திருந்தபடியால் அது அதோடு நின்றது. 1843இலும் 1853இலும் பங்கைவிட்டு இரவோடிரவாக வெளியேறவும் பார்த்தார். தகுதியற்ற தம்மால் பங்கு கெடும் என்ற பழைய பயம் அவரை விட்டுப் போகவில்லை.

இந்த இடத்தில் இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். லக்கோர்டேர் சுவாமியார் அக்காலப் பிரான்சின் தலைசிறந்த பேச்சாளர். தொமினிக்கன் சபையை அந்நாட்டில் மீண்டும் நிறுவியவர். பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் 1835இல் அவர் ஆற்றிய தபசுகாலச் சொற்பொழிவுகளைக் கேட்கப் படித்தவர்களும் விசுவாசமற்றவர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அவரும் முதலில் சறுக்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1833இல் அதே பாரிஸில் புனித ரோக் கோவிலில் அவர் செய்த பிரசங்கம் படுதோல்வி அடைந்தது. இவர் ஒருபோதும் பிரசங்கியாகப் போவதில்லை என்று நண்பர்களே முடிவுகட்டி எழுந்து போனார்கள். அடுத்த ஆண்டு ஒரு கல்லூரி மாணவருக்குச் சிறு சிற்றாலயத்தில் வாராவாரம் பேசித்தான் அவர் தம்முடைய நடையைக் கண்டுபிடித்தார்.

அந்த லக்கோர்டேர் 1845 மே மாதத்தில் ஆர்ஸுக்கு வந்தார். ஞாயிறு பூசையில் சனங்களோடு சனமாக இருந்து வியானி சுவாமியாரின் பிரசங்கத்தைக் கவனமாகக் கேட்டார். பாரிஸின் சொல்வேந்தர் கிராமக் கோவில் வாங்கில்! பின்னேர ஆராதனையில் தமக்குப் பதிலாகப் பேசும்படி வியானி கேட்டுக்கொள்ள, அவரும் இணங்கிப் பேசினார். விருந்தாளி போனபிறகு, இனிமேல் தமது பிரசங்க பீடத்தில் ஏறவே துணிவு வரவில்லை என்று ஆர்ஸ் சுவாமியார் சொல்லிக்கொண்டாராம். லக்கோர்டேரோ தாம் கேட்ட எளிய பிரசங்கத்தைப் பிறரிடம் புகழ்ந்து சொல்லிக்கொண்டு போனார். கோவிலில் தடுமாறி நின்ற நாட்களின் நினைவு இருவருக்கும் இருந்தது. ஒருவரிடம் ஒருவர் அதைச் சொன்னார்களோ, யாருக்குத் தெரியும்?

கடைசி ஆண்டுகளில் அவருக்குப் பற்கள் விழுந்துவிட்டன. இருமல் விடாது. பின்வரிசையில் நின்றவர்களுக்குச் சொற்கள் கேட்பதில்லை. கேளாமலே பலர் அழுதார்கள் என்று அங்கு நின்றவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 1858இல் ஆர்ஸுக்கு வந்தவர்களின் தொகை 80,000 வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பின் ஓராண்டுதான் அவர் உயிரோடு இருந்தார். 1905இல் முத்திப்பேறுபெற்றவராகவும், 1925 மே 31இல் பதினோராம் பத்திநாதரால் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார். 1929இல் உலகெங்குமுள்ள பங்குக் குருக்களின் பாதுகாவலரானார்.

1859 யூலை மாதத்தில் பிரான்சில் கடும் வெயில். 29ஆந் திகதி வெள்ளிக்கிழமையும் அவர் நடுச்சாமத்தில் எழுந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனார். மூச்சுத் திணறியது, காய்ச்சல் இருந்தது. பகல் 11 மணிக்கு வழமைபோலத் தமது சிறிய இருக்கைக்கு வந்து ஞானோபதேசம் சொன்னார். முன்னால் இருந்தவர்களுக்கும் அன்று அனேகமாக ஒன்றும் விளங்கவில்லை. நற்கருணைப் பேழையின் பக்கம் அவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. அன்றிரவு குருமனைக்குத் தள்ளாடிப் போனவர் பிறகு எழுந்திருக்கவில்லை. ஓகஸ்ட் 4ஆந் திகதி அதிகாலை 2 மணிக்கு, தமது 73ஆவது வயதில் இறந்தார். அவர் ஞானோபதேசம் சொன்ன அந்த மர இருக்கை ஆர்ஸ் கோவிலில் இன்றும் இருக்கிறது.